நின்னுட்டேன், நிப்பாட்டிட்டாங்க: கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை போனதைச் சொல்லும் சொற்கள்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ தெரிந்தவர் ஒருவரைப் பார்த்தால், சாப்பிட்டாச்சா, வீட்டில் எல்லாரும் சுகமா என்ற இரண்டுக்கும் அடுத்த கேள்வி "இப்ப எங்க வேலை?" என்பதுதான். வேலையில் இருப்பவர் கம்பெனியின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். வேலை போனவருடைய பதில்தான் வகைவகையாக வரும். "நின்னுட்டேண்ணே." "கொஞ்ச நாளா சும்மாதான் இருக்கேன்." "கொந்தராக்கு முடிஞ்சிருச்சு." "வி.எஸ்.எஸ். எடுத்துட்டேன்." "இப்போதைக்கு கிரேப் ஓட்டுறேன்." இந்த ஐந்துக்கும் பின்னால் ஒரே நிகழ்ச்சி இருக்கக்கூடும்: ஒரு நாள் மாலை மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள், உறையில் ஒரு கடிதம் இருந்தது. அதை நேராகச் சொல்கிற "நிப்பாட்டிட்டாங்க" என்ற சொல் கடைசியில்தான் வரும். வந்தாலும் குரல் இறங்கித்தான் வரும்.

நிற்பது தன்வினை, நிறுத்துவது பிறவினை. பள்ளிக்கூடத்தில் இலக்கணப் பாடத்தில் படித்து மறந்த இந்த வேறுபாட்டில்தான் வேலை போனவரின் மானமும் பணமும் சிக்கியிருக்கின்றன என்பது என் எண்ணம். "வேலை போச்சு" என்பதில் செய்தவரே கிடையாது. மழை பெய்தது, வெள்ளம் வந்தது, வேலை போனது. "விட்டுட்டேன்" என்பதில் செய்தவர் நான். "நிப்பாட்டிட்டாங்க" என்பதில் மட்டும்தான் அவர்கள் வருகிறார்கள். மானம் முதல் இரண்டையும் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. சட்டம் மூன்றாவதைக் கேட்கிறது. இந்த இழுபறி எப்படி வந்தது என்று பார்க்கச் சொற்களின் பின்னால் கொஞ்சம் நடக்க வேண்டும்.

மலாயாவுக்கு நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்த காலத்தில் வேலை போவது அல்ல பயம். வேலையை விட்டுப் போவதுதான் குற்றம். ஒப்பந்தம் முடியாமல் தோட்டத்தைவிட்டுப் போனவன் "ஓடிப்போனவன்". பிடித்து வந்து தண்டிக்கலாம். 1910இல் அந்த ஒப்பந்த முறை முடிவுக்கு வந்து கங்காணி முறை தனித்து நின்றபோதும் ஊர், உறவு, கடன் என்ற கயிறுகள் இருந்தன. கடல் கடந்த இன்னொரு தமிழ்த் தோட்ட உலகமான இலங்கை மலையகத்தில் இதற்கென்றே ஒரு சொல் இருந்தது: துண்டு. கங்காணியும் அவனுடைய ஆட்களும் பட்ட கடன் தீர்க்கப்பட்டால் அவர்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. அடுத்த தோட்டத்துரை அந்தக் கடனை அடைத்து ஆட்களை எடுத்துக்கொள்வான். 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. அங்கே புழங்கிய இன்னொரு சீட்டு பற்றுச்சீட்டு: தொழிலாளியின் கணக்கு முடிந்தது என்று தோட்டம் கொடுக்கும் விடுவிப்புச் சீட்டு. மக்கள் வாயில் அது பத்துச்சீட்டானது. "பத்துச்சீட்டுக் குடுத்துட்டாங்க" என்றால் வேலை போயிற்று, தோட்டத்து வரிசை வீடான லயமும் போயிற்று என்று பொருள். தமிழ்நாட்டில் இன்றும் வேலை போனவனைப் பார்த்து "சீட்டுக் கிழிஞ்சிருச்சா?" என்கிறார்கள். எந்தச் சீட்டு என்று யாரும் கேட்பதில்லை.

மலாயாத் தோட்டத்தில் வேலை இருப்பதன் அடையாளம் விடியற்காலைப் பெரட்டு. கிராணி பெயர் வாசிப்பார், கங்காணியும் தண்டலும் ஆளைக் கணக்கெடுப்பார்கள். பெரட்டில் பெயர் வந்தால் வேலை உண்டு, வேலை உண்டென்றால் லயத்தில் வீடு உண்டு, பிள்ளைக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி உண்டு, ஆடி மாதம் கோயில் திருவிழாவில் உபயம் உண்டு. அதனால் வேலையிழப்பைத் தனியாகச் சொல்லும் தேவையே அந்த மொழிக்கு எழவில்லை. "தோட்டத்த விட்டு அனுப்பிட்டாங்க" என்றார்கள். அதில் வேலை என்ற சொல் இல்லை, இடம்தான் இருக்கிறது. 1930இல் ரப்பர் விலை விழுந்தபோது, அடுத்த மூன்றாண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கியவர்களை இன்றைய பொருளில் வேலையில்லாதவர்கள் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். "மலாயாவுல இருந்து திரும்பி வந்தவங்க" அவ்வளவுதான். விலை ஏறியதும் திரும்ப ஆள் எடுத்தார்கள். வேலையின்மை என்ற நிலையை நாட்டின் கணக்கிலேயே சேர்க்காமல் கடலுக்கு அப்பால் தள்ளிவைத்த ஏற்பாடு அது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வுக்குத் தடை போட்டபோதுதான் அந்த ஊஞ்சல் நின்றது.

கிள்ளான் இந்தச் சொல்லாராய்ச்சிக்குள் முக்கியமாக வருவது 1941இல். அந்த ஆண்டின் முதல் பாதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அவர்களுக்குப் பின்னால் நின்றது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்பது ஒரு கோரிக்கை. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எடு என்பது இன்னொன்று. மே மாதம் நாதன் கைதானார், பிறகு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் செத்தார்கள்.

அந்தச் சொல்லை இன்னொரு முறை பாருங்கள்: வேலைநிறுத்தம். பிறவினைதான், ஆனால் நிறுத்துபவன் தொழிலாளி. துரை மட்டுமே செய்யக்கூடிய ஒரு செயலைத் தொழிலாளி தன் கையில் எடுத்துக்கொண்ட சொல் அது. அதே நிறுத்தல் திரும்பி அவன்மேலே விழவும் செய்யும். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஏறத்தாழ 1,70,000 பேரை அரசு பணிநீக்கம் செய்தது. வேலையை நிறுத்தியவர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒரே வினைச்சொல், வேற்றுமை உருபும் எழுவாயும்தான் மாறின.

விடுதலைக்குப் பிறகு வந்த சொல் தோட்டத் துண்டாடல். ஐரோப்பிய முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் அவற்றை வெட்டிச் சில்லறையாக விற்றார்கள். நூறு ஏக்கர் வாங்கியவனுக்கு லயத்திலிருந்த நானூறு பேர் எதற்கு? 1951 முதல் 1960 வரையிலான இந்த விற்பனையைப் பொருளியல் அறிஞர் உங்கு அஸிஸ் ஆராய்ந்து 1962இல் அறிக்கையாகத் தந்தார். அதற்குள் மலாயா இந்திய காங்கிரஸ் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். தொழிலாளி மாதம் 10 வெள்ளி வீதம் 100 வெள்ளிப் பங்கு கட்ட, அந்தப் பணத்தில் தோட்டத்தையே வாங்கிவிடுவது திட்டம். வேலை போகாமல் தடுக்க வேலை தருபவனாகவே ஆகிவிடு என்ற அந்த யோசனைக்கு நிகராக இன்னொன்று பிறகு நம்மிடம் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயரில் இருக்கும் சாலையில் நின்று வேலை போன கதை பேசுகிறவர்கள் அதை நினைப்பதில்லை என்பது வேறு விஷயம். துண்டாடல் என்ற சொல்லிலும் வேலை இல்லை என்பதைக் கவனிக்கலாம். துண்டானது நிலம். மனிதர்கள் துண்டானது சொல்லுக்கு வெளியே நடந்தது.

அதற்குப் பத்தாண்டுகளுக்குள் இன்னொன்று. 1968இல் நிறைவேறிய வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் எடுத்தால்தான் வேலை செய்யலாம் என்றானது. 1969 கலவரத்துக்குப் பிறகு அது தீவிரமாகச் செயல்பட்டது. ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். "பெர்மிட் கிடைக்கல, ஊருக்குப் போயிட்டாங்க." அதுவும் "போயிட்டாங்க"தான், தன்வினை. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாளக் கார்டு என்ற சொல் இன்றும் வயதானவர்களிடம் கசப்போடு புழங்குகிறது. இன்றைய வேலைச் சட்டத்தின் 60என் பிரிவு, ஆட்குறைப்பு என்று வந்தால் அதே வேலையிலிருக்கும் வெளிநாட்டவரை முதலில் நிறுத்த வேண்டும், உள்நாட்டவரைப் பிறகுதான் தொட வேண்டும் என்கிறது. அந்தப் பாதுகாப்பில் இன்று நிற்கும் பேரனின் தாத்தா, முதலில் நிறுத்தப்பட வேண்டியவர் பட்டியலில் இருந்தவராக இருக்கலாம்.

1980களிலும் 90களிலும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. புத்ராஜெயா எழுந்த இடத்தில் பெராங் பெசார், மேடிங்லி, காலவே, செட்ஜ்லி என்று நான்கு தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்தவர்கள் டிங்கிலில் அடுக்குமாடிக்குப் போனார்கள். இந்த இடப்பெயர்வுக்குப் பின் கம்பத்துப் புறம்போக்கு வீடுகளில் வளர்ந்த தலைமுறையைத்தான் 2015இல் வந்த சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' படம் காட்டியது. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் ஜாகா எனும் காவல் வேலைக்கும் லோரிக்கும் ஃபேக்டரிக்கும் போனார்கள். வேலை வீட்டிலிருந்து பிரிந்தது அப்போதுதான். வேலை போனாலும் வாடகை வீடு இருக்கும், வாடகைதான் இருக்காது. வேலையிழப்பைத் தனி நிகழ்ச்சியாகச் சொல்லும் சொற்கள் நம் பேச்சுக்குள் முழுதாக வந்தது இந்த இடப்பெயர்வுக்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் மட்டும் கொஞ்சம் விலக்கு. 1905இல் கட்டிய நூறு குவார்ட்டர்ஸில் இருந்த ரயில்வேக் குடும்பங்களுக்கு வேலை நின்றாலும் "பென்ஷன்ல வந்துட்டார்" என்ற கௌரவமான சொல் இருந்தது. குவார்ட்டர்ஸ் இடிக்கப்பட்டுவிட்டது, சொல் மட்டும் சில பெரியவர்களிடம் மிச்சம்.

இனி, வேலை இல்லாமல் இருக்கும் காலத்துக்கான சொற்கள். இதில் தமிழ் மகா கொடுமைக்கார மொழி. தண்டச்சோறு, ஊர் சுத்தி, உதவாக்கரை, வெட்டிப் பயல். இதில் வெட்டியின் கதை தனி. சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்பது ஊருக்கும் அரசுக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. வரிப் பட்டியலில் அது வரும். வேலையும் வெட்டியும், அதாவது கூலிக்குச் செய்வதும் கூலியில்லாமல் செய்வதும், சேர்ந்துதான் "வேலைவெட்டி" ஆகியிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. எப்படியோ ஆயிரம் ஆண்டுகளில் மாடாக உழைத்தவனுடைய சொல் ஒன்றும் செய்யாதவனுடைய பட்டமாகிவிட்டது. சம்பளம் இல்லாத உழைப்பு உழைப்பே இல்லை என்று மொழி தீர்மானித்த இடம் இது. வீட்டில் இருக்கும் பெண்களிடம் கேட்டால் இந்தத் தீர்ப்பின் மீதியைச் சொல்வார்கள்.

சும்மா என்ற சொல்லை மலாய்க்காரர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு "சுமா" என்றும் "சுமா-சுமா" என்றும் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மலாயில் வேலையில்லாமல் இருப்பது மெங்ஙாங்கூர். அங்கூர் என்றால் திராட்சையும்கூட. அதனால் வேலை இல்லாத மலாய் இளைஞனிடம் என்ன செய்கிறாய் என்றால் "தானாம் அங்கூர்", திராட்சை நடுகிறேன், என்பான். கேட்டவனும் சிரிப்பான், சொன்னவனும் சிரிப்பான். தன்னையே கேலி செய்துகொண்டு தலை நிமிர்ந்து நிற்க வழி தரும் இப்படி ஒரு சொல் தமிழில் எனக்குத் தட்டுப்படவில்லை. நம்முடையவை எல்லாம் அடுத்தவன் நம்மேல் எறியும் சொற்கள். அதனால்தான் கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் தமிழ் வாக்கியத்துக்கு நடுவில் மலாயில் திராட்சை நட்டுவிட்டு நகர்கிறார்கள்.

பத்திரிகைத் தமிழ் வேறு ஓர் உலகம். 'வேலையில்லாத் திண்டாட்டம்' என்று பழைய தலைப்புகள் எழுதின. திண்டாட்டம் உணர்ச்சி உள்ள சொல், ஆனால் அதற்கு விகிதம் போட முடியாது. "திண்டாட்டம் 5.3 விழுக்காடு" என்று எழுதினால் கேலியாகிவிடும். புள்ளிவிவரத்துக்கென்று வேலையின்மை வந்தது. கொரோனாவைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அந்த மே மாதம் மலேசியாவின் வேலையின்மை விகிதம் 5.3 விழுக்காடு, எண்ணிக்கையில் 8,26,100 பேர். அந்தக் கணக்கெடுப்பு வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்தவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். ஒரு மணி நேரம் மோட்டாரில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தவர் புள்ளிவிவரத்தில் வேலை உள்ளவர். மாமியார் வீட்டில் வேலை இல்லாதவர். மறு ஆண்டு ஜூன், ஜூலையில் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினால் அக்கம்பக்கத்தார் அரிசி, மைலோ கொண்டுவந்தார்கள். வாய்திறந்து கேட்க எந்த மொழியிலும் சொல் வராதபோது மூன்று இனமும் ஒரு துணியைச் சொல்லாக்கிக்கொண்ட சில வாரங்கள் அவை.

நிறுவனங்களின் தமிழோ வழுக்கும் தமிழ். ஆட்குறைப்பு என்ற சொல் குழம்பில் உப்பைக் குறைப்பதுபோல் ஒலிக்கிறது. 2014இல் மலேசிய ஏர்லைன்ஸ் 6,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது தமிழ்ப் பத்திரிகைகள் வழக்கம்போல் "பணிநீக்கம் செய்யப்படுவர்" என்ற வகையில்தான் எழுத முடிந்தது. செயப்பாட்டு வினையில் செய்பவர் மறைந்துகொள்ள நல்ல இடம் இருக்கிறது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றபோது, காலங்காலமாக அடுத்தவர் வேலை போன செய்தியை அச்சிட்டவர்களுடைய வேலை போனது. அதையும் நாம் "நேசன் நின்னு போச்சு" என்றுதான் சொன்னோம்.

இந்த வழுக்கலுக்கு என்ன விலை என்பதற்கு இப்போது வரலாம். 2018 ஜனவரி முதல் வேலை காப்புறுதித் திட்டம் நடப்பில் இருக்கிறது. சம்பளத்தில் 0.2 விழுக்காடு தொழிலாளியிடமும் அதே அளவு முதலாளியிடமும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ பிடிக்கிறது. 2,000 வெள்ளிச் சம்பளக்காரருக்கு மாதம் ஏறத்தாழ 4 வெள்ளி. சம்பளச் சீட்டில் அந்த வரி இருப்பதே பலருக்குத் தெரியாது. வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு 40, 40, 30, 30. சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து 3 மாதம் முதல் 6 மாதம் வரை. அந்த 2,000 வெள்ளிக்காரருக்கு ஆறு மாதமும் கிடைத்தால் 5,400 வெள்ளி. வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

ஆனால் தானாக வேலையை விட்டவருக்கு இது இல்லை. குறித்த காலக் கொந்தராக்கு முடிந்தவருக்கு இல்லை, ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் இல்லை. வி.எஸ்.எஸ். என்ற சுயவிருப்பப் பணிவிலகலுக்கு உண்டு. பெயரிலேயே சுயவிருப்பம் இருந்தாலும் அழைத்தது முதலாளி என்பதால் சட்டம் அதை வேலையிழப்பாக ஏற்கிறது. ஆக, அந்த ஐந்து பதில்களையும் சொக்சோ முகப்பில் சொன்னால் "நின்னுட்டேன்" என்பவருக்கு ஒன்றும் கிடைக்காது, "வி.எஸ்.எஸ். எடுத்துட்டேன்" என்பவருக்குக் கிடைக்கும். தெருவில் கௌரவத்தைக் காப்பாற்றிய சொல் முகப்பில் ஆயிரக்கணக்கில் பணத்தைத் தின்றுவிடுகிறது.

பேச்சோடு முடிந்தால் பரவாயில்லை. "நீயே எழுதிக் குடுத்துட்டுப் போயிடுப்பா, உனக்கும் நல்லது எங்களுக்கும் நல்லது" என்று மேலாளர் நைச்சியமாகச் சொல்வார். அடுத்த வேலைக்குப் போகும்போது டிஸ்மிஸ் என்ற சொல் பின்னால் வராது என்ற நம்பிக்கையில் நம்மாளும் அந்த இடத்திலேயே "டுவென்டி ஃபோர் அவர்ஸ் நோட்டீஸ்" எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதோடு முன்னறிவிப்புக் காலத்துச் சம்பளம் போகும். வேலைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தில் வேறு காலம் குறிக்காதபோது இரண்டு ஆண்டுக்குக் குறைவென்றால் 4 வாரம், ஐந்துக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம் முன்னறிவிப்பு. முதலாளி கொடுக்க வேண்டியதாக இருந்தது, எழுதிக்கொடுத்த கணத்தில் தொழிலாளி கொடுக்க வேண்டியதாக மாறிவிடுகிறது. 1980 விதிமுறைகளின் ஆட்குறைப்பு இழப்பீடு, ஆண்டுக்கு 10, 15, 20 நாள் சம்பளம் என்று வேலைக் காலத்துக்கேற்ப ஏறுவது, அதுவும் போகும். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவும் பணிநீக்கமே என்று தொழிலியல் நீதிமன்றத்தில் வாதாடலாம். வேலை ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறி முதலாளி நடந்துகொண்டால் தொழிலாளி வெளியேறியதையும் நீக்கமாகக் கொள்ளும் கொள்கை 1988இல் வோங் சீ ஹோங் வழக்கில் நிலைபெற்றது. 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் புகார் கொடுக்க 60 நாள் உண்டு. ஆனால் கையில் இருக்கும் தாளில் உங்கள் கையெழுத்தோடு தன்வினை இருக்கும்போது, பிறவினையை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

கைப்பேசித் திரைக்குள் வந்த வேலைக்கு இன்னும் சொல்லே அமையவில்லை. கிரேப் செயலியில் வாடகை வண்டி ஓட்டுபவரை யாரும் டிஸ்மிஸ் செய்வதில்லை. ஒரு காலை அவருடைய கணக்கு திறக்காது. "ஐடி பிளாக் ஆயிடுச்சு." பழைய "வேலை போச்சு"வைவிட ஒரு படி மேலே போன ஆளில்லாத வாக்கியம். 2025இல் கிக் தொழிலாளர்களுக்கான மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. கணக்கை முடக்கியது யார், ஏன் என்று கேட்கத் தமிழில் ஒரு சொல்லும் கிடைத்துவிட்டால் நல்லது. பெண்களுக்கு நேர்வது இதற்கு எதிர்ப்பக்கம். ஃபேக்டரி மூடி வேலை போன அக்காவிடம் கேட்டால் "வீட்டுலதான் இருக்கேன்" என்பார், பக்கத்து வீட்டு ஆள் அதை நல்ல செய்தியாகக் கேட்டுக்கொண்டு போவார். வேலை தேடவில்லை என்றால் புள்ளிவிவரமும் அவரைத் தொழிலாளர் படைக்கு வெளியே வைத்துவிடும்.

சொக்சோவின் இணைய மனுவை அப்பாவுக்காக நிரப்புவது பெரும்பாலும் மகளோ மகனோதான். பெயர், அடையாளக் கார்டு எண், கடைசிச் சம்பளம் வரை சிக்கலில்லை. வேலை இழந்த காரணம் என்ற இடத்தில் விரல் நிற்கும்.

"நீங்களா நின்னீங்களா, நிப்பாட்டினாங்களாப்பா?"

"எல்லாம் ஒண்ணுதான், ஏதாச்சும் போடு."

"ஒண்ணு இல்லப்பா. லெட்டர எடுங்க."